தமிழ்க் கிறித்தவர் வீடுகளில் வேத வாசிப்பு: ஒரு வரலாறு

விவிலியத்தை ஆலயத்தில் பிறர் வாசிக்கக் கேட்பது ஒன்று. வீட்டில் தானே எடுத்து வாசித்து, வாசித்ததை அன்றைய நாளின் வேலைகளோடு சேர்த்து நினைத்துப் பார்ப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது பழக்கத்தைத் தமிழ்க் கிறித்தவர்கள் வேத வாசிப்பு, வேத தியானம், அமைதி வேளை எனப் பல பெயர்களில் அழைக்கின்றனர். குடும்பமாகக் கூடிச் செய்யும்போது அது குடும்ப ஜெபம் ஆகிறது. தமிழ்நாட்டில் இப்பழக்கத்துக்கு ஏறத்தாழ 300 ஆண்டு வரலாறு உண்டு. அச்சு, பள்ளிக்கூடம், மொழிபெயர்ப்புச் சண்டை, சாதிச் சண்டை எல்லாம் அந்த வரலாற்றில் கலந்து கிடக்கின்றன. ‘தினமும் வேதம் வாசியுங்கள்’ என்று ஞாயிறுதோறும் கேட்கும் நமக்கு, வாசிக்க ஒரு புத்தகம் கையில் வந்து சேர்ந்த கதை பெரும்பாலும் தெரிவதில்லை. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அச்சுக்கு முன்

தமிழ் எழுத்தில் முதலில் அச்சான கிறித்தவ நூல் விவிலியம் அன்று. 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்ற சிறு நூலே அது. அதை ஆக்கியவர் முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் என்னும் இயேசு சபைத் துறவி. 1586இல் அவர் அடியார்களின் வரலாறுகளையும் அச்சிட்டார். செபங்களும் ஞானோபதேசமும் புனிதர் கதைகளும்தான் அன்றைய கத்தோலிக்கரின் வாசிப்பு. விவிலியக் கதைகள் பாடலாகவும் நாடகமாகவும் மக்களைச் சேர்ந்தன. வீரமாமுனிவரின் ‘தேம்பாவணி’ இவ்வழியில் வந்த பெருங்காப்பியம். ஆனால் விவிலிய நூலையே ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து ‘நீயே வாசி’ என்று சொல்லும் வழக்கம் அப்போது உலகில் எந்தக் கத்தோலிக்க நாட்டிலும் இல்லை. எனவே இதைத் தமிழ்நாட்டுக் குறையாகக் கருத வேண்டியதில்லை.

‘நீயே வாசி’ என்ற எண்ணம் ஜெர்மனியிலிருந்து வந்தது. மார்ட்டின் லூத்தர் 1522இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் தந்தார். வேதத்தைக் கற்பவனுக்கு ஜெபம், தியானம், சோதனை என்ற மூன்றும் வேண்டும் என்பது அவர் கருத்து. சோதனை என்று அவர் சொன்னது பரீட்சையை அல்ல, வாழ்க்கையில் வரும் துன்பத்தை. துன்பப்பட்டவனுக்குத்தான் வாசித்தது புரியும் என்பது அதன் பொருள். நாற்பது வருடம் பரீட்சை வைத்தே பழகிய என் போன்றவர்களுக்கு இது யோசிக்க வேண்டிய செய்தி.

அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், 1675இல், பிலிப் யாக்கோபு ஸ்பேனர் என்ற குரு ஒரு நூல் எழுதினார். திருச்சபை திருந்த வேண்டுமானால் முதலில் மக்களிடையே வேத வாசிப்பு பெருக வேண்டும், வீடுகளில் சிறு குழுவாகக் கூடி வாசிக்க வேண்டும் என்று அதில் கூறினார். இவ்வியக்கம் பக்தி இயக்கம் எனப்பட்டது. அதன் தலைநகர் ஹாலே நகரம். அங்கே அகஸ்ட் ஹெர்மன் பிராங்கே அநாதை இல்லமும் பள்ளிகளும் நடத்தினார். எளியவர்கள் வேதத்தை எப்படி வாசிக்க வேண்டும் என்று சிறு வழிகாட்டியும் எழுதினார். 1710இல் அங்கே தொடங்கிய கான்ஸ்டைன் நிறுவனம், கோத்த எழுத்துகளைக் கலைக்காமல் அப்படியே வைத்திருந்து மீண்டும் மீண்டும் அச்சடித்து வேதாகமத்தின் விலையைக் குறைத்தது. ஏழை வாங்க முடியாவிட்டால் தனி வாசிப்பு என்பது வெறும் பேச்சாகவே இருக்கும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

தரங்கம்பாடி

அந்த ஹாலேயில் பயின்ற பர்த்தலோமேயு சீகன்பால்கு, தம் தோழர் ஹென்ரிக் புளுட்சோவுடன் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கினார். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பியவர்கள் அவர்கள். சீகன்பால்குக்கு அப்போது வயது ஏறத்தாழ 24. அவருக்குத் தமிழ் எழுத்துக் கற்பித்தவர் ஒரு முதிய திண்ணைப் பள்ளி வாத்தியார். பிள்ளைகளோடு பிள்ளையாக அமர்ந்து மணலில் விரலால் எழுதித்தான் அந்த ஜெர்மானியர் தமிழ் படித்தார். தமிழ் வேதாகமத்தின் வரலாற்றில் ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியருக்கு இடமுண்டு என்பதை எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைத் தொடங்கி 1711 மார்ச்சில் முடித்தார். அச்சிட்டாக வேண்டுமே! இலண்டனில் இருந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் ஓர் அச்சுப்பொறி அனுப்பியது. வழியில் கப்பல் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கியது. பொறியைப் பணம் கொடுத்து மீட்டார்கள். கூட வந்த அச்சர் வழியிலேயே இறந்துபோனார். தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டு 1713இல் வந்தன. அவை அளவில் பெரியவை. அந்த எழுத்தில் அச்சிட்டால் காகிதம் கட்டுபடியாகாது. எனவே பொறையாறில் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். காகித ஆலை ஒன்றும் அங்கே அமைத்தார்கள். 1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் வெளிவந்தன. 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாயிற்று. பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரை வந்த நிலையில் 1719 பிப்ரவரி 23 அன்று சீகன்பால்கு காலமானார். வயது 36தான். மீதியை பெஞ்சமின் சூல்ச் முடித்து 1728க்குள் அச்சிட்டார்.

இராசநாயக்கன்

அச்சான புத்தகம் யார் கைக்குப் போனது, அவர் அதை என்ன செய்தார் என்பதே நம் கேள்வி. இதற்கு விடையாக ஒரு மனிதரைக் காட்டலாம். தஞ்சை மன்னரின் படையில் பணிபுரிந்த இராசநாயக்கன் அவர். பறையர் சாதியைச் சேர்ந்த கத்தோலிக்கர். சிறுவயதில் பள்ளி வாசலை மிதிக்க வாய்ப்பில்லாமல், இளைஞரான பிறகே எழுத்துக் கற்றவர். 1720களில் தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷங்களும் நடபடிகளும் அடங்கிய நூல் அவர் கைக்கு வந்தது. அந்நூலை யாரும் அவருக்கு விளக்கவில்லை. தானே வாசித்தார். வாசிக்க வாசிக்கக் கேள்விகள் எழுந்தன. அக்கேள்விகளோடு தரங்கம்பாடி மிஷனரிகளைத் தேடிப் போனார். 1728இல் படை வேலையை விட்டு உபதேசியார் ஆனார். தஞ்சைப் பகுதியில் சபைகள் வளர அவர் உழைத்த உழைப்பு பெரிது. தஞ்சை நாட்டுக்குள் ஐரோப்பிய மிஷனரிகள் எளிதில் நுழைய முடியாத காலம் அது.

தமிழில் விவிலியத்தைத் தனியாக வாசித்து, அந்த வாசிப்பால் வாழ்க்கையே திசை மாறியவர்களில் பெயர் தெரிந்த முதல் மனிதர்களுள் ஒருவர் இவர். எழுத்தறிவு சிலருக்கே உரியது என்று இருந்த நாட்டில், ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த ஒரு படைவீரர் புத்தகம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு தானே பொருள் தேடினார் என்பது சிறிய செய்தி அன்று.

கதையின் மறுபாதி கசப்பானது. 1733இல் ஆரோன் என்பவர் முதல் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்றார். அவர் வேளாளர். 1741இல் இரண்டாவது குருவைத் தேர்ந்தெடுக்கும்போது இராசநாயக்கனின் பெயரும் பேசப்பட்டது. தகுதியில் குறை சொல்ல ஒருவருமில்லை. ஆனால் அவர் கையால் மேல்சாதிக் கிறித்தவர்கள் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்ற அச்சத்தில் மிஷனரிகள் பின்வாங்கினர். தியோகு என்பவர் குருவானார். இராசநாயக்கன் 1771இல் இறக்கும் வரை உபதேசியாராகவே இருந்தார். அவரை ஒதுக்கியவர்களும் அதே வேதத்தை வாசித்தவர்கள்தாம்.

ஒரு சொல் மாறினால்

அடுத்த பெரிய பெயர் பிலிப் பப்ரிசியஸ். 1740இல் தமிழகம் வந்து, 1742 முதல் சென்னையில் தங்கி, வாழ்நாளின் பெரும்பகுதியை மொழிபெயர்ப்புக்குச் செலவிட்டார். ஆங்கிலப் படைகள் 1761இல் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது கிடைத்த அச்சுப்பொறி வேப்பேரிக்கு வந்தது. அங்கே 1772இல் அவருடைய புதிய ஏற்பாடு அச்சானது. பழைய ஏற்பாடு 1777 தொடங்கித் தரங்கம்பாடியில் பகுதி பகுதியாக வந்தது. முழுவதும் அச்சாகி முடிவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1791இல் இறந்தார். அவர் மொழிபெயர்ப்பைப் பொன் மொழிபெயர்ப்பு என்று சபையார் போற்றினர். இலங்கையில் தனி முயற்சி நடந்தது. கொழும்பில் பிலிப் டி மெல்லோ என்ற உள்நாட்டுக் குரு செய்த புதிய ஏற்பாடு 1759இல் வெளிவந்தது. ஐரோப்பியர் அல்லாத ஒருவர் செய்த முதல் தமிழ் மொழிபெயர்ப்பு என்று அதைக் கொள்ளலாம்.

இந்த மொழிபெயர்ப்புகளில் கடவுளுக்கு என்ன பெயர் என்று பார்த்தாலே வரலாறு தெரியும். கத்தோலிக்க வழக்கைப் பின்பற்றி சீகன்பால்கு ‘சர்வேசுரன்’ என்றார். பப்ரிசியஸ் ‘பராபரன்’ என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘தேவன்’ வந்தது. இருபதாம் நூற்றாண்டில் ‘கடவுள்’ வந்தது. அறிஞர்களுக்கு இது சொல்லாராய்ச்சி. ஆனால் விடியற்காலையில் விளக்கேற்றி ‘பராபரனே’ என்று ஜெபித்துப் பழகிய பாட்டிக்கு அது சொல்லாராய்ச்சி அன்று. யாரோ வந்து வீட்டில் ஒருவரின் பெயரை மாற்றிக் கூப்பிடச் சொன்னது போல.

இந்த வேதனை வெடித்த இடம் தஞ்சை. பாளையங்கோட்டையில் 1820இல் குடியேறிய இரேனியஸ் ஐயர் தமிழில் வல்லவர். (அக்கால மக்கள் வெள்ளைக்கார மிஷனரிகளை ‘ஐயர்’ என்றே அழைத்தனர். இன்றும் தென்மாவட்டச் சபைகளில் குருவானவர் ‘ஐயர்’தான்.) சொல்லுக்குச் சொல் வைப்பதைவிடக் கருத்து விளங்குமாறு ஓடும் தமிழில் சொல்வதே நல்லது என்பது அவர் கொள்கை. மொழிபெயர்ப்பின் விதிகள் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். அவருடைய புதிய ஏற்பாடு 1833இல் முழுமையாக வந்தது. எதிர்த்தவர்களில் முதன்மையானவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774இல் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய பெரும் புலவர். மனப்பாடமாகிவிட்ட பழைய வேதத்தைத் திருத்துவது கொடுமை என்று அவர் எழுதினார். சபையில் தமிழ் இசையைத் தடுப்பதும் பண்டிகையில் பூ வைக்கக் கூடாது என்பதும் அவர் பட்டியலிட்ட மற்றக் கொடுமைகள். சாதியாரை ஒன்றாக உட்காரவும் உண்ணவும் கட்டாயப்படுத்துவதும் அப்பட்டியலில் இருந்தது.

சாஸ்திரியாரின் மனுவை வாசிக்கும்போது எனக்கு இரண்டு உணர்ச்சிகள் வருகின்றன. பாட்டுக்காகவும் பழகிய சொல்லுக்காகவும் அவர் பேசியது நியாயம். ஐம்பது வருடம் நெஞ்சில் ஊறிய வாக்கியம் வெறும் மை அன்று. ஆனால் அதே மூச்சில் சாதி வரிசையையும் காக்கச் சொன்னாரே, அங்கேதான் மனம் ஒட்டவில்லை. 1833இல் ஆயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் அது வாசிக்கப்பட்டபோது பலர் ஆலயத்தை விட்டு வெளியேறினர். வெளியேறியவர்கள் வேதம் தெரியாதவர்கள் அல்லர். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தைப் பலமுறை வாசித்தவர்கள், பலர் மனப்பாடமாகவும் சொல்லக்கூடியவர்கள். அந்த அதிகாரம் யூதர், கிரேக்கர், அடிமை, சுயாதீனர் என்ற பிரிவைப் பற்றியே பேசுகிறது. எருசலேமிலும் கலாத்தியாவிலும் நடந்த சங்கதியாக அதை வாசித்தார்கள். தஞ்சாவூர்த் தெருவுக்கு அது வந்து சேரவில்லை. சில ஊர்களில் தனி வரிசையும் தனிக் கல்லறையும் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தன என்பதை நாம் அறிவோம்.

நாவலரும் பவரும்

யாழ்ப்பாணத்தில் பீட்டர் பேர்சிவல் என்ற மெதடிஸ்ட் மிஷனரியின் தலைமையில் புதிய மொழிபெயர்ப்பு ஒன்று நடந்தது. அவருக்கு உதவியாக இருந்து தமிழ் நடையைச் செப்பம் செய்தவர் வேறு யாருமல்லர், சைவம் வளர்த்த ஆறுமுக நாவலர்தாம். 1850இல் வெளியான அம்மொழிபெயர்ப்பை மிஷன்கள் ஏற்கவில்லை. ஆனால் நாவலர் பெற்ற பயிற்சி வீண்போகவில்லை. 1854இல் மிஷனரிகளின் சைவ நிந்தைக்கு விடையாக ‘சைவ தூஷண பரிகாரம்’ எழுதியபோது விவிலியத்திலிருந்தே எடுத்துக்காட்டுகள் கொடுத்தார். தமிழில் விவிலியத்தை அக்கறையோடு வரி வரியாக வாசித்தவர்களில் ஒருவர் அதை ஏற்காத ஒரு சைவர் என்பது மறக்கக் கூடாத செய்தி.

பல மிஷன்கள் சேர்ந்து எல்லாருக்கும் பொதுவாக ஒரு மொழிபெயர்ப்பு வேண்டும் என்று முடிவு செய்து, அப்பணியை ஹென்றி பவரிடம் ஒப்படைத்தன. பவர் சென்னையில் பிறந்த ஆங்கிலோ இந்தியர். சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை 1868இல் அச்சுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. அவருக்கு உறுதுணையாக இருந்தவர் முத்தையா பிள்ளை. பப்ரிசியசின் சொல்லழகையும் இரேனியசின் தெளிவையும் சேர்த்துச் செய்த அந்த வேதாகமம் 1871இல் முழுமையாக வந்தது. சீர்திருத்தச் சபைகளின் வீடுகளில் இன்றும் மேசை மேல் இருப்பது பெரும்பாலும் அதன் வழி வந்த பதிப்பே.

பின்னர் டேனிஷ் மிஷனைச் சேர்ந்தவரும் பெங்களூர் இறையியல் கல்லூரியின் முதல் முதல்வருமான எல். பி. லார்சன் போன்றோர் திருத்திய பதிப்பு வந்தது. ‘கடவுள்’ என்ற சொல் அதில்தான் இடம்பெற்றது. மூலத்துக்கு நெருக்கமானது என்று அறிஞர்கள் பாராட்டினர், மக்கள் வாங்கவில்லை. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் இணைந்து செய்த ‘திருவிவிலியம்’ 1995இல் வெளிவந்தது. ஆதியாகமம் தொடக்கநூல் ஆயிற்று. யாத்திராகமம் விடுதலைப் பயணம் ஆயிற்று. சங்கீதம் திருப்பாடல் ஆயிற்று. என்னிடம் இரண்டும் உள்ளன. விளங்கிக்கொள்ள ஒன்றை எடுக்கிறேன், ஜெபிக்க மற்றொன்றை எடுக்கிறேன். மாணவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓர் அதிகாரத்தை ஒப்பிட்டு வாசித்துப் பார்க்கலாம். எங்கே சொல் மாறுகிறதோ அங்கே நின்று ஏன் என்று கேட்பது, விளக்கவுரை இல்லாமலே வேதத்தைப் படிக்க நல்ல வழி.

வாசிக்கத் தெரியாதவர்கள்

புத்தகம் இருந்து என்ன, எழுத்துத் தெரிய வேண்டாமா? தரங்கம்பாடியில் 1707லேயே பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் உடுவில் மகளிர் பள்ளி 1824இல் எழுந்தது. திருநெல்வேலிச் சீமையில் ஆலயம் எங்கே உண்டோ அங்கே பள்ளிக்கூடம் இருந்தது. பல ஊர்களில் இரண்டும் ஒரே கூரையின் கீழ். ஆசிரியரே மாலையில் மணியடித்து ஜெபம் நடத்தும் உபதேசியார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேதப் பெண்கள் என்ற பணியாளர்கள் வந்தனர். பைபிள் உமன் என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் விதவைகள். வீடு வீடாகச் சென்று வெளியே வர முடியாத பெண்களுக்கு எழுத்தும் தையலும் வேதமும் சொல்லிக்கொடுத்தனர். அவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மொழிபெயர்ப்பாளர்களின் பெயரை அடுக்கும் நாம், அந்த மொழிபெயர்ப்பை அடுக்களை வரை கொண்டு சேர்த்தவர்களை மறந்துவிட்டோம்.

எங்கள் பகுதிக்கு இதெல்லாம் மெதுவாகத்தான் வந்தது. இலண்டன் மிஷன் 1827இல் சேலத்தில் பணி தொடங்கியது. அப்போது தருமபுரி, கிருஷ்ணகிரி, அரூர் எல்லாம் சேலம் சீமையில் அடக்கம். தருமபுரி தனி மாவட்டமானது 1965இல்தான். கத்தோலிக்கத் திருச்சபையில் தருமபுரி மறைமாவட்டம் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்தது. திருநெல்வேலி, நாகர்கோவில் போல ஊருக்கு ஊர் கோபுரம் தெரியும் நாடு அன்று இது. கடத்தூர் போன்ற ஊர்களில் கிறித்தவர்கள் சில குடும்பங்களே. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி, 68.5 விழுக்காடு. அதற்கு இருபது ஆண்டு முன்பு நிலைமை இன்னும் மோசம்.

1990களில் அறிவொளி இயக்கம் நடந்தபோது நானும் இரவில் ஒரு மையத்தில் பாடம் நடத்தினேன். கூலி வேலை முடித்து வரும் பெண்கள்தான் அதிகம். அவர்களில் ஐம்பது வயது கடந்த ஓர் அம்மா இருந்தார். கையெழுத்துப் போடக் கற்றதும் மற்றவர்கள் பலர் நின்றுவிட்டார்கள். இவர் மட்டும் விடாமல் வந்தார். ஒருநாள் துணிப்பையிலிருந்து பழைய வேதாகமத்தை எடுத்து, “எழுத்து எறும்பாட்டம் ஓடுது வாத்தியாரே, பெருசா போட்டுக் குடுங்க” என்றார். இருபத்துமூன்றாம் சங்கீதத்தைக் கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதினேன். அரசு மையத்தில் அப்படிச் செய்யலாமா என்று இப்போது நினைத்தால் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மற்றவர்கள் போன பிறகுதான் எழுதினேன். அந்தச் சங்கீதம் அவருக்கு ஏற்கெனவே மனப்பாடம். ஆலயத்தில் கேட்டுக் கேட்டு வந்தது. ஆனால் விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தபோது ஒரு சொல்லில் நின்றார். அத்தனை வருடமும் அதைத் தவறாகச் சொல்லிவந்திருக்கிறார். “அட, இதுவா அது!” என்று அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அவர் ஆடு மேய்த்தவர். மேய்ப்பனைப் பற்றிய அந்தப் பாடலில் எனக்குத் தெரியாத பல விஷயங்களை அன்று சொன்னார். ஆடு கலங்கிய நீரையும் வேகமாக ஓடும் நீரையும் நம்பாது, நின்ற தெளிந்த நீரைத்தான் தேடும் என்பது அதில் ஒன்று. படிக்காதவர் என்று நாம் சொல்லும் ஒருவர், தன் தொழிலைக் கொண்டு வேதத்துக்கு விளக்கம் தருகிறார். விளக்கவுரை எழுதிய பலர் ஆடு மேய்த்ததில்லை.

முறைகள்

வேதத்தை முழுவதும் வாசிக்க ஒழுங்கான முறைகள் சில உலக அளவில் பரவியுள்ளன. அதிகாரப் பிரிவுகள் பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் செய்தவை. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சர் இட்டவை. மூல ஆசிரியர்கள் இட்டவை அல்ல என்பதை நினைவில் வைத்தால், அதிகாரம் முடிந்த இடத்தில் கருத்தும் முடிந்துவிட்டது என்று நினைக்க மாட்டோம். சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். கத்தோலிக்க விவிலியத்தில் 73 புத்தகங்கள். 1189 அதிகாரத்தை ஓராண்டில் முடிக்க எளிய கணக்கு உண்டு: வாரநாளில் மூன்று, ஞாயிறு ஐந்து. வாரத்துக்கு 23 ஆகிறது. 52 வாரத்துக்குள் முடிந்துவிடும், ஓரிரு நாள் காய்ச்சலில் படுத்தாலும்கூட. ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் ராபர்ட் மக்செயின் என்ற இளங்குரு 1842இல் தம் சபைக்கு ஓர் அட்டவணை தந்தார். அதன்படி வாசித்தால் ஓராண்டில் பழைய ஏற்பாடு ஒருமுறையும் புதிய ஏற்பாடும் சங்கீதமும் இருமுறையும் முடியும். 1879இல் இங்கிலாந்தில் ஸ்கிரிப்ச்சர் யூனியன் சிறுவர்களுக்கான தினசரி வாசிப்பு அட்டையைத் தொடங்கியது. நாளுக்குச் சில வசனம். அந்த முறை இந்தியாவுக்கும் வந்தது.

கத்தோலிக்க மரபில் துறவு மடங்களிலிருந்து வந்த பழைய முறை ஒன்று உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற துறவி அதை நான்கு படிகளாக வகுத்தார்: வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், அமைந்திருத்தல். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் எல்லா விசுவாசிகளும் விவிலியத்தை அடிக்கடி வாசிக்க வேண்டும் என்று வலியுறுத்திய பிறகு, அன்பியங்களிலும் குடும்பங்களிலும் இப்பழக்கம் பரவியது.

நம் ஊர் வீட்டுச் சுவர்களில் தொங்கும் வாக்குத்தத்த அட்டைக்கும் ஒரு வம்சாவளி இருக்கிறது. புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் தட்டிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, அதுவே இந்த ஆண்டுக்கான வசனம் என்று கொள்கிறோம். ஜெர்மனியில் ஹெர்ன்ஹுட் சபையார் 1728 முதல் நாளுக்கு ஒரு வசனம் என்று வீடு வீடாகச் சொல்லி வந்தனர். 1731 முதல் அது அச்சாகி இன்றுவரை ஆண்டுதோறும் வருகிறது. அதற்கு முன்பே, 1718இல், போகாட்ஸ்கி என்பவர் வசனங்களைத் தொகுத்துப் பொக்கிஷப் பெட்டி என்ற பொருளில் ஒரு நூல் தந்தார். ஆறுதல் தரும் பழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் சீட்டு எடுப்பது போல அது ஆகிவிடும் ஆபத்தும் உண்டு. நல்ல வசனம் வரவில்லை என்று அட்டையைத் திரும்ப வைத்து வேறு எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். (நானும் ஒருமுறை அப்படிச் செய்தவன்தான்.) ஒற்றை வசனத்தை அதன் முன்பின் இல்லாமல் எடுப்பது, கடிதத்தில் நமக்குப் பிடித்த வரியை மட்டும் கத்தரித்து வைத்துக்கொள்வது போல. எரேமியா நூலில் மக்கள் மிகவும் விரும்பும் 29ஆம் அதிகாரத்து வாக்குறுதி, பாபிலோனில் சிறைப்பட்டு வீடு திரும்ப எழுபது ஆண்டு காத்திருக்க வேண்டிய மக்களுக்குச் சொல்லப்பட்டது. அந்த எழுபது ஆண்டை விட்டுவிட்டு வாக்குறுதியை மட்டும் சுவரில் மாட்டுகிறோம்.

இப்போது வேதாகமம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. வாசித்துக் காட்டும் குரல்பதிவும் உண்டு. கண்பார்வை குறைந்தவர்களுக்கு அது பெரும் உதவி. வாசிக்கத் தெரியாத பலர் இருக்கும் எங்கள் மாவட்டத்துக்கும் அது பொருந்தும். ஆனால் வசனத்துக்கு நடுவே யாரோ அனுப்பிய காலை வணக்கப் படம் எட்டிப்பார்க்கிறது. என் பேரன் அதை அணைத்து வைக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறான்.

அறிவொளி வகுப்புக்கு வந்த அந்த அம்மா இப்போது இல்லை. அவருடைய வேதாகமம் மகள் வீட்டில் இருக்கிறது. ஒருமுறை அதை வாங்கிப் பார்த்தேன். ஓரங்களில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். சங்கீதங்களில்தான் அதிகம் என்று நினைத்தேன். இல்லை, யாக்கோபு நிருபத்தில். கூலியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் முதலாளிகளைப் பற்றிய ஐந்தாம் அதிகாரத்தின் பக்கத்தில், நடுங்கும் எழுத்தில், யாரிடமிருந்தோ வர வேண்டிய ஒரு தொகையைக் குறித்து வைத்திருந்தார்.